தூங்கும் போர்ட்டை எழுப்பிய முதல் எழுத்து

தூங்குகிறவனை ஒருவர் கூப்பிட, அவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டால், கூப்பிட்டவர் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். விழாமல் எப்படி எழுந்திருப்பான்? முப்பத்தாறு வயது வரை நான் இதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், இதை வைத்து, கணினியின் ஒரு பாகத்தை ஓட்டுகிற டிரைவர் நிரல் ஒன்று எழுதினேன். எழுதியதோடும் நிற்காமல், அதைக் கொண்டுபோய் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் மாட்டினேன். முட்டாள்தனம் செய்வதென்று வந்துவிட்டால் நான் உழைப்புக்கு அஞ்சுகிற ஆள் இல்லை.

கல்யாணமான ஒருத்தர் இதை எப்படி நம்பினீர்கள் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். காலையில் அவள் சொல்கிற எதற்கும் நான் எழுந்து உட்கார்ந்து தலையாட்டுவேன். எதுவும் காதில் விழுந்திருக்காது. சான்று வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கணினியின் அடிமட்ட நிரலான கெர்னல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒருநாள் இந்த வேலை வரும். “சீரியல் போர்ட் டிரைவர்தான், சின்ன வேலை. போர்ட் சும்மா இருந்தால் தூங்க வை, எழுத்து வந்தால் எழுப்பு, பேட்டரி மிச்சமாகும்” என்பார்கள். சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் விருதுநகரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கடைவீதியில் ஒரு மாடி, நாலு மேசை, அஞ்சு பேர். முதலாளி சிக்கந்தர் பாய். அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம். இவர் ஒருவர்தான் மின்னணுச் சாமான் பக்கம் வந்தவர். அதனால் எங்கள் சர்க்யூட் போர்டுகளில் எல்லாம் லேசாக வத்தல் நெடி இருக்கும். தும்மிக்கொண்டே ஈயம் பற்றவைப்போம்.

பாய்க்கு ஒரு யோசனை வந்தது. பட்டாசு சீசனின் கடைசி ஓட்டமும் ஐப்பசி மழையின் தொடக்கமும் ஒன்றாக வரும். மத்தியானத்துக்கு மேல் மேற்கே மேகம் ஏறும், இடி இறங்கும். வெடிமருந்து நிரப்பும் ரூம்களில் ஆட்கள் இருக்கும்போது இடி இறங்கினால் என்ன ஆகும் என்று சிவகாசி வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் காற்றில் மின்சாரம் ஏறும். அதை அளந்து சொல்கிற ஒரு சென்சாரைக் கம்பத்தில் மாட்டுவோம். அதிலிருந்து ஒரு கம்பி இழுத்து, வாசல் அறையில் நம் பெட்டியை வைப்போம். ஆபத்து என்று சென்சார் சொன்னால் பெட்டி மணி அடிக்கும், ஆட்களை வெளியே எடுத்துவிடலாம். யோசனை நல்ல யோசனை. அதைச் செய்ய என்னைப் பிடித்ததுதான் பாய் செய்த ஒரே தப்பு.

பெட்டிக்குள் ஒரு சின்ன போர்டு, அதில் லினக்ஸ். சென்சாரும் பெட்டியும் பேசிக்கொள்ள ஒரு சீரியல் போர்ட், கம்பியில் ஒவ்வொரு எழுத்தாக வந்து நுழையும் வாசல். முதல் பெட்டியை ஒரு தொழிற்சாலையில் வைத்துப் பார்த்தோம். அது மின்வெட்டுக் காலம். மத்தியானம் கரண்டு போனால் மூன்று மணி நேரம் வராது. பெட்டியின் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் செத்தது.

“ஏலே சங்கரு,” என்றார் பாய். “மேகம் வர்றதும் மத்தியானம், கரண்டு போறதும் மத்தியானம். அந்நேரம் பாத்து நம்ம பெட்டியும் கண்ண மூடிச்சுன்னா, நாம விக்கிறது என்னலே, நடுவீட்டுல வைக்கிற பொம்மையா?”

ரோசம் வந்துவிட்டது. சும்மா இருக்கிற ஒவ்வொன்றையும் தூங்க வைத்தேன். திரையைத் தூங்க வைத்தேன், டிஸ்கைத் தூங்க வைத்தேன், கடைசியாக சீரியல் போர்ட்டையும். ஐந்து நொடி எந்த எழுத்தும் வராவிட்டால் போர்ட்டை ஓட்டும் உள்கடிகாரம் நின்றுவிடும். கம்பியில் ஏதாவது அசைந்தால் மறுபடி ஓடும். முதல் தடவை எழுந்தபோது சிப் தன் வேகத்தையே மறந்துவிட்டு, வாய்க்கு வந்த எழுத்தையெல்லாம் உளறியது. தூங்குமுன் எல்லாவற்றையும் குறித்துவைத்து, எழுந்ததும் திரும்ப ஊட்டிவிட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதைச் சரி செய்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பேட்டரி ஏழு மணி நேரம் ஓடியது! மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, கீழே வத்தல் மூட்டையில் மோதி, அதோடே பாயிடம் போய்ச் சொன்னேன்.

சென்சாருக்குள் இருந்த குட்டி சிப்புக்கும் நான்தான் நிரல் எழுதினேன். அங்கேயும் சிக்கனம். ஆபத்து என்றால் ஒரே ஒரு எழுத்து, ஒரே ஒரு தரம். கதை பேசக் கூடாது, சொல்லிவிட்டு வாயை மூடு. இந்த இடத்தில் உங்களில் புத்திசாலிகள் நெற்றியைத் தடவிக்கொள்வது எனக்குத் தெரிகிறது. எனக்கு அப்போது நெற்றி அரிக்கவே இல்லை.

ஏனென்றால் பதினோரு நாள் சோதித்திருந்தேன். சென்சாருக்குப் பதில் என் கணினியைக் கம்பியில் மாட்டி, விசைப்பலகையில் தட்டித் தட்டிப் பார்த்தேன். பெட்டியைத் தூங்க விடுவேன், தட்டுவேன், மணி அடிக்கும். மறுபடி தூங்க விடுவேன், தட்டுவேன், அடிக்கும். நூற்றுக்கு நூறு.

சீரியல் போர்ட்டோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கை வியாதி உண்டு. எந்தக் கம்பியைச் செருகினாலும் இரண்டு தரம் தட்டுவோம். டக் டக். அந்தப் பக்கம் உயிர் இருக்கிறதா என்று பார்க்க. முதல் தட்டுக்குப் பதில் வந்ததா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை, இரண்டாவதற்கு வந்தால் போதும். நான் பதினோரு நாளும் இரண்டு இரண்டு தரமாகத்தான் தட்டியிருக்கிறேன். முதல் தட்டுக்கு ஒன்றும் நடக்காததை என் கண் பார்த்திருக்கும். அதை மேலே அனுப்பும் அவசியம் அதற்குத் தோன்றவில்லை.

அந்தப் பெட்டியோடு எம். புதுப்பட்டிக்குப் போனேன்.

உள்ளே கைப்பேசி கூடாது, செருப்பு கூடாது. வாசலைத் தாண்டுமுன் அங்கே பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். நான் பயந்த சுபாவம், இரண்டு கையாலும் தொடுவேன். வாசல் அறை மட்டும் ரூம்களிலிருந்து தள்ளி, தனியாக இருக்கும். பெட்டியை அங்கே வைத்தேன். திறந்த வெளியில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் சென்சாரை மாட்டினேன். கம்பத்தின் அடியில் ஒரு சோதனைப் பித்தான். அதை அழுத்தினால் சென்சாரின் கம்பியிலேயே ஒரு எழுத்துப் போகும், பெட்டி ‘டிங்’ என்று ஒரு தரம் சொல்லும். உண்மையான ஆபத்து என்றால் மணி நிற்காமல் அடிக்கும்.

அந்த வாசலுக்குப் பொறுப்பு பேச்சியம்மாள். என் வயதுதான் இருக்கும், ஆனால் அங்கே எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. காலையில் ஆட்களைச் சோதித்து உள்ளே விடுவது, ரூம்களுக்குச் சேதி சொல்வது, மத்தியானத்துக்கு மேல் வாசலில் நின்று வானம் பார்ப்பது, இவையெல்லாம் அவர் வேலை. மேகத்தின் நிறத்தைப் பார்த்து ஆட்களை எடுத்துவிடுவார்.

நான் மாட்டி முடித்துப் பித்தானை அழுத்திக் காட்டினேன். டக் டக். டிங்.

“அழகா இருக்கே,” என்றார் அக்கா. “அது ஏன் சார் ரெண்டு தரம் அமுக்குறீக?”

“பழக்கம்க்கா.”

“ஒரு தரம் அமுக்குனா கேக்காதோ?”

“கேக்காமயா? பாம்புச் செவி.”

இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. நானே சாட்சி.

தொழிற்சாலைக்கு முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி. பெட்டி டிங் சொன்னதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “இனிமே பேச்சி வானத்தப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்லா? சீசன் நேரம், லேபிள் ஒட்ட ஆளு பத்தல” என்று, அக்காவை வாசல் அறைக்குள் உட்காரவைத்துவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை. தொழிற்சாலையில் வானம் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜோடிக் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, அந்த இடத்தில் என் பெட்டியை வைத்துவிட்டோம். இதன் கனம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கௌரவமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, மூன்று மணிக்கு அண்ணாச்சியும் பாயும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. வந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சியின் மற்ற இரண்டு தொழிற்சாலைக்கும் ஆர்டர். நான் ஒரு மணிக்கே போய், பெட்டியைத் துடைத்து, பொட்டு வைக்காத குறையாக அலங்கரித்துவிட்டு, அறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். கரண்டு போயிருந்தது. பெட்டி பேட்டரியில் ஓடியது, போர்ட் சுகமாகத் தூங்கியது. உள்ளே ஒன்பது ரூம்களில் முப்பத்து நாலு பேர்.

பட்டாசுக்கான காகிதக் குழாய் ஏற்றிய வண்டி வந்து நின்றது. அக்கா லேபிளைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

“நாலூ!”

பதில் இல்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றார். நான் இரண்டு கடி முறுக்கை முடித்துவிட்டேன். பிறகு நாலாம் ரூமிலிருந்து ஒரு குரல்.

“ஓய்!”

“குழாய் வந்திருக்கு, ஆளு அனுப்புங்க!”

திரும்பி வந்தவரிடம், என்னுடைய சிக்கன மூளை சும்மா இருக்காமல் கேட்டது. “ஏங்க்கா, எடுத்த எடுப்புல ‘நாலு, குழாய் வந்திருக்கு’ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டா என்ன? நேரம் மிச்சம்லா?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், லேபிளோடு சேர்த்து என்னையும் ஒட்டிவிடுவார் போலிருந்தது.

“நல்லாச் சொன்னீக. கையில மருந்து வச்சிருக்குற பிள்ளைககிட்ட திடுதிப்புன்னு சேதியப் போடுவாகளா? மொதச் சத்தம் ஆளத் திருப்புறதுக்குத்தான் சார். அதுல சேதிய வச்சா ஒருத்தர் காதுலயும் ஏறாது. நம்பரக் கூப்புடணும். கையில இருக்குறத அங்கன பதமாக் கீழ வச்சிட்டு ‘ஓய்’ம்பாக. அப்பிடின்னா கை காலின்னு அர்த்தம். அதுக்குப் பெறகுதான் சேதி.”

“பிரமாதம்க்கா,” என்று சிரித்தேன். பாயிடம் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்று நினைத்தபடி அடுத்த முறுக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

கை பாதி வழியில் நின்றுவிட்டது.

முதல் சத்தம் ஆளைத் திருப்புவதற்கு. அதில் சேதி வைத்தால் காதில் ஏறாது.

என் போர்ட் தூங்கும்போது அதன் கடிகாரம் நின்றிருக்கும். எழுத்து வந்து கதவைத் தட்டும். போர்ட் எழுந்து, கடிகாரத்தை ஓட்டி, தன்னைச் சுதாரித்துக்கொண்டு காது கொடுக்குமுன், அந்த எழுத்து போய்விட்டிருக்கும். எழுப்பியது எழுத்துதான், ஆனால் எழுந்தவனுக்கு அது கிடைக்காது. அடுத்த எழுத்து வந்தால் கிடைக்கும். அடுத்த எழுத்து எங்கே? ஒரே ஒரு எழுத்து, ஒரே ஒரு தரம், சொல்லிவிட்டு வாயை மூடு என்று எழுதிய மகான் யார்?

முறுக்கு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. வாசலுக்கு ஓடினேன். செருப்போடு தாண்டி, திரும்பி வந்து செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டை மூன்று தரம் தொட்டு, சரளைக் கல்லில் கோழி மாதிரிக் கால் மாற்றி மாற்றிக் கம்பத்தடிக்குப் போனேன். பித்தானை ஒரே ஒரு தரம் அழுத்தினேன்.

சத்தம் இல்லை.

மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, மறுபடி ஒரு தரம். சத்தம் இல்லை.

டக் டக். டிங்.

நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம், மேகம் கன்னங்கரேலென்று எழும்பிக்கொண்டிருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்லப் போகிறேன். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், ஆனால் நாளைக்கு நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. பித்தானை அழுத்த ஆரம்பித்தேன். ஐந்து நொடி சும்மா இருந்தால்தானே போர்ட் தூங்கும்? நாலு நொடிக்கு ஒரு தரம் அழுத்தினால் தூங்காது. தூங்காவிட்டால் சென்சார் சொல்வது கேட்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, டிங். மூன்று மணிக்குப் பாய் வருவார், ஆர்டர் முடியும், இரவோடு இரவாக டிரைவரைச் சரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. நடுவில் இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பொட்டலில் உயரமான பொருள் அந்தக் கம்பம். அடுத்த உயரமான பொருள் நான். இடியை முன்கூட்டிச் சொல்லும் கருவியின் அடியில், இடி வருகிற நேரத்தில், வெறுங்காலோடு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, டிங்.

அக்கா வெளியே வந்தார்.

“என்ன சார், கோயில்ல மணி ஆட்டுற மாதிரி விடாம ஆட்டுறீக?”

“டெஸ்ட்டுக்கா. சும்மா டெஸ்ட்டு.”

“மூஞ்சி ஏன் இப்பிடி வேக்குது?”

“வெயிலு.”

“வெயிலா?” அக்கா அப்போதுதான் தலையைத் தூக்கினார். ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்திருந்த கண் மேற்கே போய் நின்றது. “இம்புட்டுக் கருத்துக் கெடக்கே. பெட்டி ஒண்ணும் சொல்லலையா?”

தம்பி தங்கைகளே, என் மொத்தப் பணிக்காலத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான். ‘சொல்லவில்லை’ என்றால் அது உண்மை. ஒரு எழுத்துப் பிசகாத உண்மை. அக்கா அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஆபத்தில்லை என்று லேபிள் ஒட்டப் போயிருப்பார். சென்சார் இன்னும் ஆபத்து எல்லையைத் தொடவில்லை, பித்தானில் என் விரல் இருக்கிறது, மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். என் நாக்கு அந்த ‘சொ’வுக்குத் தயாராக மடங்கிக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி கேட்டது என்னை நம்பிச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்த ஆள்.

பித்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

“அக்கா, பெட்டிய நம்பாதீக. அது தூங்குது.”

“தூங்குதா? பாம்புச் செவின்னீகளே?”

“நாந்தான் தூங்க வச்சேன். ஒரு தரம் சொன்னா அதுக்குக் கேக்காது. இப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

“நல்லா இருக்கு ஒங்க சங்கதி,” என்றார். திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. திரும்பி நின்று, வயிற்றிலிருந்து குரல் எடுத்தார். “ஒம்போதூ!”

எனக்கு உயிர் போனது. ‘ஓடுங்கள்’ என்று கத்தவேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தும் விட்டேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே தன் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூடிக்கொண்டேன்.

“ஓய்!”

“மேகம் நிக்கி. கைய ஒதறிட்டு வெளிய வாங்க!” பிறகு, “எட்டூ!” காத்திருந்தார். “ஓய்!” சொன்னார். “ஏழூ!” ஏழாம் ரூமிலிருந்து பதில் வரத் தாமதமானது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒரு ‘ஓய்’க்கு நான் காத்திருந்ததில்லை. அக்கா அசையவே இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். “ஓய்! வாறோம்க்கா!” என்று வந்தது. அப்புறம்தான் ஆறு. ஒன்பது கூப்பாடும் ஒன்பது பதிலுமாக, முப்பத்து நாலு பேரில் ஒருவர்கூட ஓடாமல், வரிசையாக நடந்து வாசலுக்கு வெளியே வந்தார்கள். ஓடியது நான் ஒருவன்தான். வாசலுக்கும் கம்பத்துக்கும் நடுவே, எந்தக் காரணமும் இல்லாமல், இரண்டு தரம்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார், பின்னால் பாய். வேலை நேரத்தில் மொத்த ஆளும் சாலையோரக் கொட்டகையில் நிற்பதைப் பார்த்து அண்ணாச்சிக்கு மீசை துடித்தது.

“யாரு நிப்பாட்டச் சொன்னது? பெட்டி அடிச்சுச்சா?”

“இல்ல அண்ணாச்சி,” என்றேன்.

“அடிக்கலையா? அப்புறம் எதுக்கு எல்லாரும் வெளிய நிக்காக?”

“பெட்டி அடிக்காது அண்ணாச்சி. அதுக்குத்தான்.”

அண்ணாச்சி பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் என் வெறுங்காலைப் பார்த்தேன். பாய் என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், காதருகே சொன்னார்.

“ஏலே, எங்க வாப்பா காலத்துல இருந்து ஏவாரம் பாக்குறோம். விக்க வந்த சாமான் வேல செய்யாதுன்னு வாங்க வந்தவரு வாசல்லயே நின்னு சொல்ற மொத ஆளு நீதாம்லே.”

“உண்மையச் சொல்லிட்டேன் பாய்.”

“அது சரி. சொன்னது சரிதாம்லே.” நின்றிருந்த காரைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா காருக்குள்ள வந்து சொல்லியிருக்கலாம்.”

கொட்டகையில் எல்லோரும் நின்றோம். யாரோ முறுக்குப் பொட்டலம் பிரித்தார்கள். அண்ணாச்சி கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் மேகம் விலகி வெயில்கூட ஒரு தரம் எட்டிப் பார்த்தது. “சும்மா வெறும் மேகம்ப்பா,” என்று அவர் சொன்னபோது எனக்கு வந்த எண்ணத்தை ஒப்புக்கொள்கிறேன்: கடவுளே, ஒரு இடியாவது போடு, தூரத்தில் போடு, என் மானத்துக்காகப் போடு.

என்ன நடந்தது என்று கேட்கத் துடிக்கிறீர்கள். இருங்கள். பேச்சியம்மாள் அக்காவின் முறைப்படி போவோம். கையில் இருப்பதை முதலில் கீழே வைத்துவிட வேண்டும்.

அந்த வாரமே எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். இப்போது சென்சார் முதலில் ஒரு வெற்று எழுத்தால் கூப்பிடும். அதில் சேதி எதுவும் கிடையாது, எழுப்புவதற்கு மட்டும். பெட்டி எழுந்து, சுதாரித்துக்கொண்டு, நான் தயார் என்று பதில் எழுத்து அனுப்பும். அது வந்தபிறகுதான் சென்சார் சேதியைச் சொல்லும். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடும். நிமிடத்துக்கு ஒரு தரம் ‘நான் இருக்கிறேன்’ என்றும் சொல்லும். அது வராவிட்டாலும் பெட்டி மணி அடிக்கும். பேட்டரி ஏழு மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைந்தது. போகட்டும்.

அந்தப் பதில் எழுத்துக்கு நிரலில் ‘ஓய்’ என்றே பேர் வைத்தேன், மூன்று ஆங்கில எழுத்தில். பல வருடம் கழித்து அந்த டிரைவரை எடுத்துக்கொண்ட பெங்களூர்க்காரர் ஒருவர், இது எதன் சுருக்கம் என்று மின்னஞ்சலில் கேட்டார். கூச்சமே இல்லாமல் மூன்று ஆங்கில வார்த்தையில் ஒரு விரிவாக்கம் எழுதி அனுப்பினேன். அது இப்போது ஆவணத்தில் இருக்கிறதாம்.

எங்கள் மாடியில் சோதனை மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டினோம்: ‘ஒரே ஒரு தரம் தட்டு.’ என் கை கேட்கவில்லை. ஒரு மாதம் வரை, சோதிக்கும்போது வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் தட்டினேன். நீங்களும் உங்கள் கை தன்பாட்டுக்குச் செய்வதைக் கவனியுங்கள். நிரலில் இருக்கிற பிழை எங்காவது ஒருநாள் தெரிந்துவிடும். பிழையை மறைத்துக்கொண்டே இருந்தது என் விரல், அதை எந்தக் கருவியும் எனக்குக் காட்டவில்லை.

அக்காவை அண்ணாச்சி அடுத்த வேலை நாளே வாசலில் வானம் பார்க்க நிறுத்திவிட்டார். பெட்டி வாங்கினார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. “ரெண்டும் இருக்கணும். எது முந்திச் சொல்லுதோ அது.” புதிய பெட்டியைக் கொண்டுபோன அன்று அக்கா கம்பத்தடிக்கு வந்து, பித்தானை ஒரே ஒரு தரம் தானே அழுத்தினார். டிங். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய்விட்டார்.

கை காலியா? நல்லது. சேதி இதுதான்.

கடைசி ஆள் வெளியே வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஏழாம் ரூமை ஒட்டி நின்ற பனை மரத்தில் இடி விழுந்தது. பின்னாலேயே ஏழாம் ரூம் வெடித்தது. கூரையும் இரண்டு சுவரும் போயின. காலையிலிருந்து அந்த ரூமில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் கொட்டகையில் எங்களோடு நின்றார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மணி அடிக்கவில்லை. மழை விட்டபிறகு கம்பத்தைப் போய்ப் பார்த்தேன். ஆபத்து என்று சொன்னதும் ஏறுகிற சென்சாரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது தன் ஒரே எழுத்தைச் சொல்லிவிட்டிருந்தது. நான் பித்தானை விடாமல் அழுத்திக்கொண்டு இருந்திருந்தால் பெட்டிக்கு அது கேட்டிருக்கும், மணி அடித்திருக்கும், எல்லோரும் கை தட்டியிருப்பார்கள், அதே பெட்டி மூன்று தொழிற்சாலைக்கும் போயிருக்கும்.

வாசல் அறைக்கு வந்து பெட்டியின் பதிவைத் திறந்தேன். இடி விழுவதற்கு ஏழு நிமிடம் முன்னால் இரண்டு வரிகள் இருந்தன.

போர்ட் விழித்தது.

எழுத்து எதுவும் வரவில்லை, போர்ட் தூங்கியது.